கடல் சேற்றில் கிருமிகளுக்குப் பள்ளிக்கூடம்!

"ஏ ராசா, டாக்டரு அஞ்சு நாளைக்கு மாத்திரை எழுதித் தந்தாரு. ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்டுப் போச்சு. மிச்சத்தை எடுத்து வச்சிருக்கேன். காசு கொடுத்து வாங்குனதை எப்படித் தூரப் போட?"

எங்க ஆச்சி அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. ஊர் புதுக்கோட்டை. சமஸ்தானப் புதுக்கோட்டை இல்லீங்க... தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற ரோட்டில் இருக்கிற புதுக்கோட்டை. ஆச்சி வீட்டு அலமாரியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் உண்டு. அதில் பாதி கிழித்த அட்டை அட்டையாக மாத்திரைகள். பேரனுக்குத் தொண்டை வலியா? அதிலிருந்து ஒன்று. பக்கத்து வீட்டு மதினிக்குப் பல் வலியா? அதிலிருந்து இரண்டு. ஊருக்கே உதவுகிற பாட்டில்!

போன வருஷம் அதே ஆச்சிக்கு நீர்க்கடுப்பு வந்தது. கூடவே குளிர் காய்ச்சல். "அண்ணாச்சி, நீர்க்கடுப்புக்கு நல்ல மாத்திரையா கொடுங்க" என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். மூன்று நாள் கழித்தும் காய்ச்சல் இறங்கவில்லை. வேறு மாத்திரை வாங்கினேன். அதற்கும் மசியவில்லை. ஆறாவது நாள் ஆச்சி தன்னை மறந்து பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

சிறுநீரை 'கல்ச்சர்' பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்த ரிப்போர்ட்டில் வரிசையாக ஆன்டிபயாடிக் பெயர்கள். எதிரே 'ஆர்', 'ஆர்', 'ஆர்' என்று ஒரே எழுத்து. கீழே போகப் போகத்தான் இரண்டு மூன்று 'எஸ்' வந்தது. "எஸ் என்றால் இந்த மருந்துக்குக் கிருமி சாகும். ஆர் என்றால் சாகாது. நீங்க வாங்கிக் கொடுத்த ரெண்டு மாத்திரையும் ஆர்!" என்றார் டாக்டர். கடைசியில் விலை கூடிய ஊசி ஏழு நாள் போட்டு ஆச்சியைக் காப்பாற்றினார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் அன்று டாக்டர் ஆச்சியிடம் ஒரு கேள்வி கேட்டார். "பழைய மாத்திரையெல்லாம் என்ன செய்வீங்க பாட்டி?"

"தேதி முடிஞ்சுதுன்னா ஓடைல போட்டுருவேன் ஐயா."

"அந்த ஓடை எங்கே போகுது?"

"எங்க போகும்... கடலுக்குத்தான்!"

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரையே பிறந்தது.

எல்லா ஓடையும் கடலுக்கே!

தூத்துக்குடி நகரத்தின் நடுவே ஓடிக் கடலில் சேர்கிறது பக்கிள் ஓடை. மேற்கேயிருந்து வரும் மழைத் தண்ணீர் கோரம்பள்ளம் குளத்துக்கு வந்து, உப்பாற்று ஓடை வழியாகக் கடலுக்குப் போகிறது. திருநெல்வேலி வழியாக வரும் தாமிரபரணி, புன்னக்காயலில் கடலோடு கலக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது கோரம்பள்ளம் குளம் உடைந்து ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. ஊரில் இருந்த அத்தனை அழுக்கையும் வாரிச் சுருட்டிக்கொண்டு அந்தத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேர்ந்த இடமும் கடல்தான்.

அது சாதாரணக் கடல் இல்லை. முத்து விளைந்த மன்னார் வளைகுடா! இங்கே கடலுக்கடியில் முத்துச் சிப்பி வாழும் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் 1973-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்து வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் சிப்பிக்குள் செயற்கையாக முத்தை விளையவைத்துக் காட்டினார்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பவளம், முத்து, சங்கு, கடல்பசு என்று இந்தக் கடலின் பெருமைகளைப் பேசுகிறோம். ஆனால் அதன் அடியில் கிடக்கும் சேற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கதை அங்கேதான் இருக்கிறது.

ஒரு டீஸ்பூன் சேறு

கடலோரச் சேற்றை ஒரு டீஸ்பூன் எடுத்தால், அதில் இருக்கும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை பல கோடி. சில இடங்களில் நூறு கோடியையும் தாண்டும்!

"ஐயையோ, அவ்வளவு கிருமியா?" என்று முகம் சுளிக்காதீர்கள். இவற்றில் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்யாத அப்பாவிகள். செத்த மீனையும் பாசியையும் மக்கவைத்து, மறுபடியும் கடலுக்கு உரமாக்கித் தருகிற துப்புரவுத் தொழிலாளிகள். உப்பங்கழிப் பக்கம் போனால் கறுப்புச் சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வருமே, அதுவும் ஒரு வகை பாக்டீரியாவின் கைங்கரியம்தான்.

நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான இனங்கள் ஒரே பிடி சேற்றில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கின்றன. இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் அவற்றுக்குள் ஓயாத சண்டை. ஒன்று இன்னொன்றை விரட்ட ரசாயனத்தைக் கக்கும். மற்றது அந்த ரசாயனத்திலிருந்து தப்பிக்க ஒரு வழி கண்டுபிடிக்கும். மண்ணில் நடந்த இப்படிப்பட்ட சண்டையிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட ஆயுதங்கள்தான் ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள்.

அப்படியானால் மருந்தை எதிர்த்து நிற்கும் வித்தை பாக்டீரியாவுக்குப் புதிதா? இல்லவே இல்லை. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 வருஷமாக உறைந்து கிடந்த மண்ணில்கூட, ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுக்கள் இருந்ததை 2011-ல் கண்டுபிடித்தார்கள். மனிதன் மாத்திரை செய்வதற்கு எத்தனையோ காலம் முன்னால்! வித்தை பழசு. அது பரவுகிற வேகம்தான் புதுசு. அந்த வேகத்தைக் கொடுத்தது நாம்.

கடல் கொடுத்த மருந்து

இத்தாலியின் சார்டினியா தீவில் காக்லியாரி என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே ஊர்ச் சாக்கடை கடலில் விழும் இடத்தில் 1945-ல் ஜுசெப்பே புரோட்சு என்ற பேராசிரியர் தண்ணீர் எடுத்துச் சோதித்தார். அதில் ஒரு பூஞ்சை கிடைத்தது. டைபாய்டு கிருமியைக்கூட அது அடக்கியது. பின்னால் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் அதை ஆராய்ந்து பிறந்த மருந்துக் குடும்பம்தான் 'செஃபலோஸ்போரின்'. இன்று நம் வீடுகளில் சர்வசாதாரணமாகப் புழங்கும் செஃபிக்ஸிம், செஃபலெக்சின் எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே!

பஹாமாஸ் தீவுக் கடல் சேற்றில் கிடைத்த சாலினிஸ்போரா என்ற பாக்டீரியாவிலிருந்து எடுத்த பொருளைப் புற்றுநோய் மருந்தாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் மன்னார் வளைகுடாச் சேற்றிலும் தமிழகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே மாதிரியான நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துப் பரிசோதிக்கிறார்கள். அந்தச் சேறு, நாளைய மருந்துக்கடை! அந்த மருந்துக்கடைக்குள்தான் நாம் சாக்கடையை விடுகிறோம்.

பள்ளிக்கூடம் நடப்பது எப்படி?

நாம் விழுங்குகிற மாத்திரை முழுவதும் உடம்பிலேயே தங்கிவிடுவதில்லை. உதாரணத்துக்கு அமாக்ஸிசிலின். அதில் பாதிக்கு மேல் உருமாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. கழிவறையிலிருந்து சாக்கடை, சாக்கடையிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து கடல். வீடு, ஆஸ்பத்திரி, கோழிப்பண்ணை, இறால் பண்ணை என்று எல்லா இடத்து மிச்சமும் சுத்திகரிக்கப்படாமல் போனால் கடைசியில் சேருமிடம் ஒன்றுதான்.

ஆற்றுத் தண்ணீர் கடலைத் தொட்டதும் வேகம் குறைகிறது. கலங்கல் மெல்லக் கீழே படிகிறது. அந்த மண் துகளோடு ஒட்டிக்கொண்டு மருந்தும் இறங்குகிறது. சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் போன்றவை களிமண்ணில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் சுபாவம் உடையவை. நம் குடலிலிருந்து வெளியேறிய பாக்டீரியாக்களும் கூடவே இறங்குகின்றன. மேலே தண்ணீரில் வெயிலும் உப்பும் அவற்றைச் சீக்கிரம் கொன்றுவிடும். கீழே சேற்றிலோ இருட்டு, சாப்பாடு, பாதுகாப்பு. அதனால் கூடுதல் நாள் உயிரோடு இருக்கின்றன.

இப்போது பாருங்கள்... மருந்தை எதிர்க்கத் தெரிந்த நம் குடல் கிருமி ஒரு பக்கம். பரம்பரை பரம்பரையாக வித்தை கற்ற கடல் கிருமி இன்னொரு பக்கம். நடுவே கொஞ்சூண்டு மருந்து. அதிகமாக இருந்தால் எல்லாம் செத்துப்போகும். கொஞ்சமாக இருப்பதால் பலவீனமானது பின்தங்கும். எதிர்க்கத் தெரிந்தது பெருகும். கிருமியைத் தடுக்கத் தேவையான அளவைவிடச் சில நூறு மடங்கு குறைந்த மருந்தே இந்த வேலையைச் செய்யப் போதும் என்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் காட்டினார்கள்.

அதோடு முடியவில்லை. பாக்டீரியாக்களிடம் 'பிளாஸ்மிட்' என்று ஒரு குட்டி மரபணு வளையம் உண்டு. பரீட்சை ஹாலில் பிட்டு கைமாறுவது போல, ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு அது கைமாறும். இனம் வேறாக இருந்தாலும் பரவாயில்லை! ஒரே பிட்டில் நாலைந்து மருந்துக்கான விடை எழுதியிருக்கும்.

போதாக்குறைக்கு உலோகங்கள். படகின் அடியில் பாசி பிடிக்காமலிருக்கச் செம்பு கலந்த பெயிண்ட் அடிப்பார்கள். தொழிற்சாலைக் கழிவிலும் பாதரசம், ஈயம் போன்றவை வரலாம். உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தை எதிர்க்கும் மரபணுவும் பல சமயம் ஒரே வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். செம்பைத் தாங்குகிற கிருமி பெருகும்போது, மருந்தை எதிர்க்கும் குணமும் இலவச இணைப்பாகப் பெருகுகிறது. துறைமுகப் பக்கத்துச் சேற்றை ஆய்வாளர்கள் தனியாகக் கவனிப்பதற்கு இதுதான் காரணம்.

சேற்றைச் சோதிப்பது எப்படி?

கிட்டத்தட்ட ஆச்சிக்குச் செய்த அதே 'கல்ச்சர்'தான். சேற்றைக் கடல்நீரில் கரைத்து, 'அகர்' என்ற ஜெல்லித் தட்டில் பூசி வளர்க்கிறார்கள். அகர் என்பது கடல்பாசியிலிருந்து எடுப்பது. ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்களே, அந்த வகைப் பாசிகள்தான். கிருமி வளர்க்க அகர் உதவும் என்று 1881-ல் யோசனை சொன்னது யார் தெரியுமா? வீட்டில் ஜெல்லி செய்து பழகிய ஃபான்னி ஹெஸ்ஸே என்ற ஜெர்மன் விஞ்ஞானியின் மனைவி! சமையலறை மருத்துவத்துக்குக் கொடுத்த வரம்.

வளர்ந்த கிருமியை எடுத்துப் புதிய தட்டில் பூசி, அதன்மேல் மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வட்டுகளை வைப்பார்கள். வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வளையம் வந்தால் மருந்து வேலை செய்கிறது. வட்டை ஒட்டியே வளர்ந்தால், மருந்து தோற்றது. பத்து மருந்து வைத்து இரண்டுக்கு மேல் தோற்றால், ஆன்டிபயாடிக் அதிகம் புழங்கும் இடத்திலிருந்து அந்தக் கிருமி வந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுவார்கள். ஆனால் சேற்றில் உள்ள இனங்களில் நூற்றில் ஒன்றுகூட இந்தத் தட்டில் வளர்வதில்லை. அதனால் இப்போது சேற்றிலிருந்து நேரடியாக டி.என்.ஏ.வைப் பிரித்து, எந்தெந்த இனம், எந்தெந்த எதிர்ப்பு மரபணு என்று படிக்கிறார்கள்.

சென்னைக் கடலோரத்தின் மூன்று பகுதிகளில் இப்படி மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கும் மனித நடமாட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்டார்கள். டெல்லியில் 2011-ல் வெளியான ஆய்வு இன்னும் அதிர்ச்சி. தெருவில் தேங்கிய தண்ணீர் மாதிரிகள் 171-ல் 51-லும், குடிநீர் மாதிரிகள் 50-ல் இரண்டிலும், கடைசி ஆயுதமாக டாக்டர்கள் வைத்திருக்கும் மருந்தையே உடைத்துப் போடும் 'என்.டி.எம்.-1' மரபணு இருந்தது. காலரா கிருமியிலும் அது ஏறியிருந்தது!

கடலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு...

"சேற்றில் இருப்பது சேற்றோடு போகட்டும், நமக்கென்ன?" என்று கேட்கலாம். இதோ ஓர் உதாரணம். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்தை எதிர்க்கும் 'க்யூ.என்.ஆர்.' என்ற மரபணு, ஆஸ்பத்திரிக் கிருமியின் பிளாஸ்மிட்டில் இருப்பது 1998-ல் தெரியவந்தது. இது எங்கிருந்து வந்தது என்று தேடிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2005-ல் மூலத்தைப் பிடித்தார்கள். கடல்நீரிலும் உப்புநீரிலும் வாழும் ஷெவனெல்லா ஆல்கே என்ற பாக்டீரியா! கடலில் சும்மா கிடந்த வித்தை, வளையத்தில் ஏறி ஆஸ்பத்திரிக் கட்டில் வரை வந்துவிட்டது.

இங்கிலாந்தில் அலைச்சறுக்கு விளையாடுபவர்களையும் விளையாடாதவர்களையும் சோதித்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. செஃபலோஸ்போரின் வகை மருந்துக்கு அடங்காத ஈ.கோலை, கடலில் இறங்காதவர்களில் நூற்றுக்கு 3 பேர் குடலில் இருந்தது. அலையில் விளையாடியவர்களில் நூற்றுக்கு 9 பேர்! அவர்களுக்கு நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் கிருமி கடல்வழியே வீடு வரை வருகிறது என்பதற்கு இது அடையாளம்.

2021-ம் வருஷத்தில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்கச் சுமார் 11 லட்சத்து 40 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், 1945-ல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே, அரைகுறை அளவில் மருந்து சாப்பிட்டால் கிருமி பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தார். நாம்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆச்சிக்கு வந்த கிருமி கடலிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அது அவர் குடலிலேயே, அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் தயவில் பழகியிருக்கும். ஆனால் அந்தப் பாட்டில் குடலுக்குள் செய்ததும், ஓடை வழியாகக் கடல் சேற்றில் செய்வதும் ஒரே வேலைதான்.

நாம் என்ன செய்யலாம்?

* சளி, சாதாரண ஜலதோஷம், பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. "எதுக்கும் இருக்கட்டும்" என்று கேட்டு வாங்காதீர்கள்.

* அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த 'எச்-1' பட்டியலில் உள்ள மருந்துகளை விற்கும்போது, கடைக்காரர் தனி ரிஜிஸ்டரில் விவரம் எழுதவேண்டும்.

* டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ, அத்தனை நாள் சாப்பிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். அப்படிச் செய்தால் மிச்சமே இருக்காது!

* தப்பித் தவறி மிஞ்சினால் கழிவறையிலோ, வாஷ்பேசினிலோ, ஓடையிலோ போடாதீர்கள். மருந்துக்கடையில் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். கேரளத்தில் 2025-ல், வீடுகளில் கிடக்கும் பழைய மருந்தைச் சேகரிக்கும் திட்டத்தைச் சோதனை முறையில் தொடங்கினார்கள். நம் ஊரிலும் நகராட்சி, பஞ்சாயத்துகளிடம் கேட்கலாமே! அதுவரை, மாத்திரையைப் பழைய தேயிலைத் தூளோடு கலந்து கவரில் கட்டிக் குப்பையில் போடுவது, தண்ணீரில் விடுவதைவிட மேல்.

* அதே நோய் திரும்பத் திரும்ப வந்தால், "கல்ச்சர் எடுக்கலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

நீங்கள் கேட்கலாம்...

அப்படின்னா மீன் சாப்பிடலாமா, கூடாதா?

தாராளமாகச் சாப்பிடலாம். நன்றாகக் கொதித்த குழம்பில், வறுவலில் கிருமி பிழைக்காது. பச்சை மீன் நறுக்கிய பலகையிலும் கத்தியிலும் கழுவாமல் வெங்காயம், தக்காளி நறுக்காதீர்கள். மீன் அலசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிப்பி, மட்டியை அரைவேக்காட்டில் சாப்பிட வேண்டாம். அவை தண்ணீரை வடிகட்டித் தின்பவை. தண்ணீரில் உள்ள கிருமி அவற்றுக்குள் சேர்ந்திருக்கும்.

பிள்ளைங்களைக் கடலில் குளிக்க விடலாமா?

விடலாம். ஆனால் சாக்கடையோ ஓடையோ கலக்கும் இடத்தில் வேண்டாம். பெருமழைக்கு அடுத்த சில நாள் வேண்டாம். ஆறாத புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை.

மீன் முள் குத்திவிட்டால்?

உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீக்கம், சிவப்பு, காய்ச்சல் என்று எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய், "கடல் மீன் குத்தியது" என்று சொல்லுங்கள். கடலில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிக்கு மருந்தே வேறு. வீட்டு மிச்ச மாத்திரையைப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அலமாரியில் அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் அதே இடத்தில் இருந்தது. பகீரென்றது. திறந்து பார்த்தேன். உள்ளே கல்கண்டு!

"என்ன ஆச்சி, மாத்திரையெல்லாம் எங்கே?"

"எல்லாத்தையும் கட்டிக் குப்பை வண்டில கொடுத்துட்டேன் ராசா. ஓடைல போடல. உம் பிள்ளைங்க கடல்ல விளையாடணும்லா?" என்றார் ஆச்சி.